அருவிக்கு முன்னால் ஒரு தலையாட்டல்

தலையாட்டியாகிவிட்டது. எதற்கு என்றுதான் நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. அருவிக்கு எதிரே, பச்சைப் பெயின்ட் அடித்த கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற வசந்தாமணி, முகத்தை அவர் பக்கம் திருப்பி என்னவோ சொன்னாள். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நீளமாக, நடுவில் மூச்சு வாங்கி, எச்சில் விழுங்கி, மறுபடி தொடர்ந்து, கடைசியில் எதையோ கேட்டு நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் எப்போதும்போல மேலும் கீழுமாக இரண்டு தரம் தலையை ஆட்டினார். ஆட்டி முடித்த பிறகுதான் அவள் கண்ணைப் பார்த்தார். நம்பாதது போல ஒரு நொடி கண் விரிந்து நின்றது, பிறகு முகம் முழுவதுமே தளர்ந்து இறங்கியது. கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒருதரம் அழுத்தினாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருசத்தில் நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் அவரைத் தொட்டது கிடையாது, கோயில் கூட்டத்தில்கூட அவர் சட்டை நுனியைத்தான் பிடித்துக்கொள்வாள். அழுத்திய கையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது சாரலா கண்ணீரா என்பதும் அவருக்குத் தெரியவில்லை, திரும்பிப் பாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி நடக்கிற நடையாக அது இல்லை. நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக நீர். இதுதான், இந்தச் சனியன்தான் காரணம், இது மட்டும் துடைத்து இருந்திருந்தால் பாதியாவது பிடித்திருக்கலாம்.

அதுவரைக்கும் அவர் சந்தோசமாகத்தான் இருந்தார், அதுதான் வேடிக்கை. எதையும் வேண்டுமென்று கேட்காதவள் போன வாரம் சோறு போடும்போது எதிரே நின்று, "ஒருக்கா அருவி பாக்கோணுமுங்க" என்றாள். எதிரே நின்றதால் அது அவருக்குப் புரிந்தது. காலையில் உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் ஏறி, சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, மறையூர் சந்தனக் காடெல்லாம் தாண்டி வந்தால், கண்டக்டர் தூவலாறு அருவி வாசலிலேயே இறக்கிவிட்டார். மலை, தேசியப் பூங்கா, காட்டு அருவி என்றால் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று அவர் பயந்திருந்தார். ஒன்றுமில்லை, ரோட்டிலிருந்தே பார்க்கலாம் போலிருந்தது. டிக்கெட் வாங்கி கேட்டைத் தாண்டினால் கல் பாவிய பாதை, கூப்பிடு தூரம்தான், இரண்டு பக்கமும் கைப்பிடி. கூப்பிடு தூரம். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவருடைய கூப்பிடு தூரம் இப்போது ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் அருவிக்கு முன்னால் போய் நின்றதும் என்ன ஆயிற்றென்றால், எல்லோருக்கும் அதே கதியாகிவிட்டது. காலேஜ் பையன்கள் நாலு பேர் ஒருத்தன் காதில் ஒருத்தன் வாயை வைத்துக் கத்தினார்கள், ஆங்? என்னடா? என்று கையை விரித்தார்கள், கேட்காததற்காக ஒருத்தனும் வெட்கப்படவில்லை. அவருக்கோ அருவி ஒரு சத்தமாகவே இல்லை, மில்லில் பக்கத்து ஷெட்டில் மிஷின் ஓடுகிற மாதிரி நெஞ்சுக்கூட்டில் ஒரு அதிர்வு மட்டும். கறுத்த பாறையில் வெள்ளையாக விழுந்து, விழுந்த இடத்தில் புகைந்து, புகைந்தது காற்றில் இவர்கள் மேல் வந்து தெளித்தது. இங்கேயே ஒரு குடிசை போட்டு இருந்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தார். இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் திரும்பிப் பேசினாள்.

முப்பத்தோரு வருசம் நூல் மில்லில் இருந்தவருக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பது பெரிய வித்தையில்லை. அங்கே எல்லோருக்கும் அது தெரியும், பத்து மிஷின் தள்ளி நிற்கிறவன் டீ சொல்கிறானா திட்டுகிறானா என்று வாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். காது எப்போது போனது என்று அவருக்கே தேதி தெரியாது. முதலில் கோயில் மணி தேய்ந்தது, குக்கர் விசில் நின்றது, அப்புறம் வசந்தாமணியின் குரல், ஏற்கெனவே மெல்லிய குரல், பாத்திரத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஆகி, ஒரு எட்டு வருசமாக இடது காதில் எதுவும் இல்லை, வலது காதில் பக்கத்தில் நின்று பேசினால் கொஞ்சம். அதைக் கண்களாலும் தலையாலும் சமாளித்துக்கொண்டு வந்தவர் இன்றைக்கு ஒரு கண்ணாடி நனைந்ததில் மாட்டிக்கொண்டார். பிடித்தது இரண்டே இடம். ஆரம்பத்தில் உதடு இரண்டும் ஒட்டிக் குவிந்து திறந்தது. முடிவில் 'சரிங்களா'. அது நிச்சயம், அவள் எதைக் கேட்டாலும் சரிங்களா என்றுதான் முடிப்பாள், அந்தப் பல் தெரிகிற விதம் அவருக்கு மனப்பாடம். ஆக, கேட்டிருக்கிறாள், அவர் சரியென்றிருக்கிறார். ஆனால் உதடு ஒட்டிக் குவிந்தால் அது போவாகவும் இருக்கலாம் மோவாகவும் இருக்கலாம், புவா முவா பொவா எதுவும் வித்தியாசம் தெரியாது, மில்லில் முத்துவைப் புத்து என்று கூப்பிட்டால் உதட்டுக்கு ஒன்றுதான். முடி. பழனிக்கு முடி கொடுக்கிறேன் என்று வேண்டுதல் ஏதாவது சொன்னாளோ? அதற்கா கையைப் பிடித்து அழுத்துவாள்? முழங்கால். முழங்கால் ஆபரேசன். பொண்ணு. பொண்ணு என்றால் நித்யா, ஓசூரிலிருந்து நித்யா ஏதாவது சொன்னாளா, இரண்டு தீபாவளிக்கு வராதவள், அப்பாவிடம் போன் கொடு என்று ஒருதரம்கூடக் கேட்காதவள். புத்து. நாச்சிமுத்து கல் பாதையில் நின்றுவிட்டார். புத்து என்று சொன்னால் புற்றுநோய்.

போன மாதம் அக்காவோடு கோயமுத்தூர் போய்வந்தாள். முழங்காலுக்கு என்றாள். முழங்காலுக்குப் பொள்ளாச்சியில் டாக்டர் இல்லையா, உடுமலையில் இல்லையா? வந்த அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தபடி வெகுநேரம் பேசினாள், தோள் ஏறி இறங்குவதை வைத்துப் பேசுகிறாள் என்று தெரிந்துகொண்டு அவர் கட்டிலில் இருந்தபடி உம் கொட்டினார், மூன்று உம்மோ நான்கு உம்மோ. அந்த உம்மெல்லாம் எதற்கு? அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால்? ஆபரேசன் வேண்டாம், இருக்கிற நாள் இருந்துட்டுப் போறேன், சரிங்களா என்று இன்றைக்கு அருவியில் கேட்டிருந்தால்? மேலும் கீழுமாக இரண்டு தரம். அதற்கு அவள் கையைப் பிடித்து அழுத்தினாளே, அப்படியானால் அது அதுவேதானா? இல்லை, இல்லை, இப்படி நினைக்கக்கூடாது, முன்னால் பார், எவ்வளவு வேகமாகப் போகிறாள், நோவுக்காரியா அது? நோவுக்காரியாக இருந்தால் முகம் வாடியிருக்காதா, ஆனால் அவள் முகத்தைக் கடைசியாக எப்போது உதட்டை விட்டுவிட்டு முழுசாகப் பார்த்தோம்?

தலையாட்டுவது ஒன்றும் சாதாரண விசயமில்லை, பழகப்பழகத்தான் வரும். யாராவது பேசும்போது அவர்கள் புருவத்தைப் பார்க்க வேண்டும், புருவம் ஏறினால் கேள்வி, அப்போது பாதி சிரிப்பாக ஆட்ட வேண்டும், இறங்கினால் கஷ்டம், அப்போது உச்சுக் கொட்டி மெதுவாக ஆட்ட வேண்டும். எட்டு வருசத்தில் அவர் பிசகியது கொஞ்சம்தான். ஒருதரம் தாராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய மில் சிநேகிதன் அய்யாவு வந்து தோளைத் தொட்டு என்னவோ சொன்னான், பையனுக்கு வேலை கிடைத்தது என்றுதான் அவருக்குப் பட்டது, "ரொம்ப சந்தோசமுங்க, நல்லபடியா நடக்கட்டும்" என்றார். அய்யாவு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். பந்தியில்தான் தெரிந்தது, அவன் சம்சாரம் தவறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்காவது எனக்குக் காது கேக்கலை அய்யாவு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கெட்டவன் என்று பெயர் வாங்கினாலும் வாங்கலாம், செவிடன் என்று வாங்கக்கூடாது. அவர் அப்பன் செவிடு. டமாரம் என்றுதான் ஊரே கூப்பிடும், கந்தசாமி என்ற பெயர் ரேசன் கார்டில் மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அப்பன் பின்னாலேயே போய் ஏ டமாரம் ஏ டமாரம் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அப்பன் திரும்பினால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருநாள் நாச்சிமுத்துவும் இருந்தார். அவரும் சொன்னார். அப்பன் திரும்பிப் பார்த்து, மகனைப் பார்த்ததும், நல்ல சமாச்சாரம் எதையோதான் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தபடி தலையை ஆட்டினார்.

சட்டையை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். நிலைதடுமாறித் திரும்பினால் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், வனத்துறைக் காவல்காரி, வாயில் விசிலோடு, கண்ணெல்லாம் கோபமாக நின்றாள். எதையோ நினைத்துக்கொண்டு வந்தவர் கைப்பிடி விட்டிருந்த ஒரு சந்து வழியாகப் பாதையை விட்டு இறங்கி, பாசி படிந்த பாறையில் ஒரு காலை வைத்திருந்தார். கீழே தண்ணீர் பாறைக்கு இடையில் சுருண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் விசிலை எடுத்துவிட்டு அவர் வலது பக்கமாக வந்து கத்தினாள், மறையூர்க்காரியாக இருக்க வேண்டும், தமிழ்தான். "ஏன் அண்ணே, எத்தனை வாட்டி விசில் ஊதறேன்? போன மாசம்தான் ஒரு ஆள் வழுக்கி விழுந்து காலை ஒடிச்சாரு. காது கேக்காதா உங்களுக்கு?" அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, பாறையை நினைத்து இல்லை. காது கேக்காதா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். தலை அசையவில்லை. அதற்குள் முன்னால் போயிருந்த வசந்தாமணி இரைக்க இரைக்கத் திரும்பி வந்து, அவர் கையைப் பிடித்துப் பாதைக்கு இழுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னாள், கண்ணாடி இப்போது துடைத்திருந்தது, உதடு சுத்தமாகத் தெரிந்தது. "அவரு அப்படித்தானுங்க அம்மிணி. யாரு என்ன சொன்னாலும் காதுலயே போட்டுக்க மாட்டாரு." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு கீழே அருவிப் பக்கம் இறங்கிப் போனாள். காதுல போட்டுக்க மாட்டாரு. நாச்சிமுத்து அதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா? கேட்கிறது, ஆனால் போட்டுக்கொள்ளவில்லை என்று? பிடித்து வைத்திருந்த ரகசியம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிம்மதி வந்தது, வந்த கையோடு அந்த நிம்மதி எங்கேயோ முள்ளாகக் குத்தவும் செய்தது, ஏன் என்று பிடிபடவில்லை.

கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டிய கடையில் சோளக்கதிர் வேகவைத்து விற்றார்கள். வசந்தாமணி ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ் நிற்கிற வளைவில் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தாள். அவர் அவளுக்கு எதிரே நின்றுகொண்டார். "உக்காருங்க" என்றாள். "பரவால்ல" என்றார். உட்கார்ந்தால் உதடு தெரியாது. அருவிச் சத்தம் இங்கே இருந்ததோ இல்லையோ, அவள் நிதானமாகப் பேசினாள், கதிரைக் கடித்துக் கடித்து, வாய் நிறைய வைத்துக்கொண்டு, அப்போதெல்லாம் அவருக்குப் பாதி தொலைந்தது. "மனசு லேசாயிருச்சுங்க" என்றாள். அது தெரிந்தது. "நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு" என்னவோ, அப்புறம் வாய் நிறையச் சோளம், அப்புறம் "ஒரு வார்த்த சொல்லாம." கோவிச்சுக்கறதா? நோவைக் கேட்டு யாராவது கோவிப்பார்களா? அப்படியானால் நோவு இல்லை. அடடா, நோவு இல்லை. ஒரு நொடி நாச்சிமுத்துவுக்கு அந்த மலை, பனி, சோளக் கடையின் ஆவி, எல்லாமே அழகாகத் தெரிந்தது. ஆனால் நோவை ஒளித்து வைத்திருந்தால் கோவிப்பார்களே? எட்டு மாதம் பத்து மாதம் புருசனிடம் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு இன்றைக்குச் சொல்லியிருந்தால், கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன் என்பாள்தானே? அவள் சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து, இவர் ஆட்டிய தலைதான் இவளுக்கு இந்தச் சிரிப்பைக் கொடுத்திருக்கிறது, இப்போது போய் நீ என்ன சொன்னாய் என்று கேட்டால் இது அணைந்துவிடும். கேட்காமலே இருந்துவிட்டால் என்ன? தானாகத் தெரிய வரும்போது தெரியட்டும். எது தெரிய வரும்போது? வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போதா? அவள் கதிர்த் தண்டைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்து, இந்தத் தரம் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி சொன்னாள். "திங்கக்கெழம காலைல கெளம்பறேன். பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

திங்கட்கிழமை. பை. அட்மிட் ஆவதற்குத்தான் பை எடுத்து வைப்பார்கள், மாற்றுப் புடவை, தட்டு டம்ளர், துண்டு. நாச்சிமுத்துவின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"எந்த ஆஸ்பத்திரி?"

வசந்தாமணியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. "என்ன ஆஸ்பத்திரி?"

"ஆபரேசன் எந்த ஆஸ்பத்திரின்னு… நானும் வர்றேன். தனியா எதுக்குப் போறே?"

"ஆருக்கு ஆபரேசன்? என்ன பேசறீங்க நீங்க?" அவள் எழுந்தே விட்டாள். "அருவிகிட்ட நின்னு அத்தனையும் சொன்னேன். தலையாட்டுனீங்களே?"

இப்போதும் ஒரு வழி இருந்தது. சிரித்து மழுப்பிவிடலாம், மறந்துட்டேன் புள்ள என்று சொல்லிவிடலாம், அவள் நம்பக்கூடச் செய்வாள், காதுல போட்டுக்காத மனுசன்தானே. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், உதட்டை இல்லை, முகத்தை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. இது எப்போது நரைத்தது?

"எனக்குக் கேக்கலை" என்றார்.

"அருவிச் சத்தத்துலயா?"

"இல்ல. எப்பவுமே. எட்டு வருசமாச்சு. இந்தக் காது சுத்தமா இல்ல. வலதுல சித்த கேக்கும், கிட்டக்க வந்து பேசுனா."

அவள் உட்கார்ந்தாள். ஒரு ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போனது, அதாவது டிரைவரின் கை ஹார்னில் இருந்ததை அவர் பார்த்தார். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வலது பக்கமாக உட்கார வைத்தாள். இது அவள்தானா என்று தோன்றுகிற குரலில், கரகரத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் பேசினாள்.

"நான் போறேன்னு சொன்னேன். அதுதான் சொன்னேன். காங்கயத்துக்கு அக்கா ஊட்டுக்கே போயிடறேன், இனி அங்கயே இருந்துக்கறேன், சண்டையில்ல, கோவமில்ல, பேசறதுக்கு ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான், சரிங்களான்னு கேட்டேன். நீங்க தலையாட்டுனீங்க."

போறேன். ஒட்டிக் குவிந்த உதடு. எல்லா வார்த்தையையும் யோசித்தவர், முதலில் வந்திருக்க வேண்டியதை மட்டும் யோசிக்கவேயில்லை.

"அதுக்கில்ல வசந்தா நான் ஆட்டுனது."

"அப்பறம் எதுக்கு ஆட்டுனீங்க?"

"எதுக்குன்னு தெரியாமத்தான்."

"அப்ப இத்தன வருசம் ஆட்டுனது?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, கோபத்தில் அவள் குரல் உயர்ந்தது, குரல் உயர்ந்ததில் அவருக்கு நன்றாகவே கேட்டது. "செவுத்துகிட்டப் பேசறாப்பல பேசிட்டுக் கெடந்தனே! எனக்கு என்ன தெரியும்? என்ற பேச்சு பேச்சே இல்லன்னு முடிவு பண்ணிட்டாருன்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொன்னா என்ன, காதுன்னு? கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்ல என்ன வெக்கம்? நித்யாவுக்குக் கலஞ்சு போச்சுன்னு ஓசூர் போயிட்டு வந்து சொன்னேன், அழுதுக்கிட்டே சொன்னேன், நீங்க பாட்டுக்குத் தலையாட்டிட்டுப் பேப்பரைத் திருப்புனீங்க! அன்னிக்குத்தான் எனக்கு விட்டுப் போச்சு. அன்னிக்கே போயிருப்பேன்."

நாச்சிமுத்துவுக்கு எல்லாம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நித்யாவுக்கு என்ன? அவளுக்கு எப்போது, எந்த மாதம், அவர் எந்தப் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார், அதில் என்ன செய்தி இருந்தது? எதிரே நின்றுதான் சொன்னாளா, முதுகைக் காட்டிக்கொண்டா, அழுதால் உதடு கோணுமே, கோணினால் படிக்க முடியாதே, ஏதோ தலைவலி என்று நினைத்திருப்போமோ? இரண்டு தீபாவளி. அப்பாவிடம் போன் கொடு என்று கேட்காத பெண். வந்திருந்தால் மட்டும்? வந்து அவளே அப்பா என்று ஆரம்பித்திருந்தாலும் தலைதான் ஆடியிருக்கும், மேலும் கீழுமாக, பாதிச் சிரிப்போடு. புருவம் ஏறினால் கேள்வி, இறங்கினால் கஷ்டம். பெரிய வித்தை. பெரிய மயிரு வித்தை. அவருக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே கலங்கிப்போய், கையால் சிமென்ட் கட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. "எனக்குத் தெரியாது" என்றார். "நித்யாவைப் பத்தி எனக்குத் தெரியவே தெரியாது வசந்தா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்கும் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழம" என்று ஆரம்பித்து நிறுத்தி, மறுபடி காதருகே வந்தாள். "திங்கக்கெழம காது டாக்டர்கிட்டப் போறோம். அக்கா ஊடு அப்பறம் பாத்துக்கலாம். வேண்டாம்னு நான் சொல்லல, ஆமா. ஒழுங்காக் காது கேக்கறப்ப மறுக்கா கேப்பேன். அப்பச் சொல்லுங்க." இந்தத் தரம் அவர் தலை தானாக ஆடப் போனது, கழுத்து கிளம்பியேவிட்டது, பாதியில் பிடித்து நிறுத்தி, வாயைத் திறந்து, "சரி" என்றார்.

உடுமலைப்பேட்டை பஸ் நிறையக் கூட்டத்தோடு வந்தது. கடைசி வரிசைக்கு முந்தின சீட்டில் இடம் கிடைத்தது. இறக்கத்தில் இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, ஜன்னல் எல்லாம் கடகடவென்று ஆடின. மறையூர் தாண்டியதும் வசந்தாமணி பேச ஆரம்பித்தாள். யாருக்கும் கேட்கக்கூடாது என்றுதான் காலையில் அத்தனை தூரம் அருவிக்கு முன்னால் போய் நின்றவள், இப்போது பஸ்ஸுக்குள் நித்யாவின் கதையை முதலிலிருந்து எடுத்தாள். "கேக்கலை" என்றார் அவர். மறுபடி சொன்னாள். "கேக்கலை வசந்தா." எட்டு வருசமாக வாயில் வராத வார்த்தை, ஒருதரம் வந்த பிறகு சுலபமாகத்தான் வந்தது. அவள் குரலை உயர்த்தினாள், முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவர் வலது காதைக் கையால் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முன் சீட்டில் குழந்தையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். படிக்கட்டில் நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அவருக்கு முன்பே அது தெரிந்துவிட்டது. அவர் மட்டும் அவள் வாயையும் அவர்கள் முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார், என்ன, என்ன சொல்கிறாள், ஏன் இந்தப் பெண் தன் குழந்தையை இப்படி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்?

"கேக்கலை" என்றார்.

மூன்றாம் தரம் வசந்தாமணி கத்தவில்லை. அவர் காதில் உதடு படுகிற மாதிரி நெருங்கி, மெதுவாகச் சொன்னாள்.

"பொட்டப்புள்ளதானுங்க. அஞ்சு மாசம். கைல வாங்கிப் பாத்தேன்."

அவருக்குக் கேட்டது.